வியாழக்கிழமைக் கட்டு

அப்பா இறந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கோத்த ஈரத்தை ரத்னா மறுபடியும் துடைத்தாள். வியாழக்கிழமை, மணி இரண்டு. நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

"பாண்டுரங்கன் வந்துட்டானா?" என்றாள் அம்மா.

"வருவாரும்மா."

ஒரகடம் கூட்டு ரோட்டில் பாண்டுரங்கன் வைத்திருக்கும் கடைக்கு வியாழக்கிழமைதான் வார இதழ்க் கட்டு வரும். கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்ற அப்பா, எட்டு மாதமாக வியாழன் தவறாமல் அங்கே போனார். 'தங்கள் சிறுகதை தேர்வாகியுள்ளது' என்று இதழிலிருந்து வந்த கார்டு அவர் சட்டைப்பையிலேயே நைந்துவிட்டது. கதை வந்த புத்தகத்தைக் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அம்மா காலையிலிருந்து பிடிவாதம் பிடித்தாள்.

ரத்னாவின் கைப்பையிலும் ஒரு தாள் இருந்தது. படப்பை பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரின்ட். படமாக இருந்த தலைப்பும் அப்பாவின் பெயரும் மட்டும் தமிழில். கீழே தாள் முழுக்கக் கட்டங்கள், கேள்விக்குறிகள். "தமிழ் எழுத்து ஃபாண்ட் இல்லம்மா, நான் இன்னா பண்ண?" என்று சென்டர்காரர் காசை வாங்கிக்கொண்டார். இதை எப்படி அப்பாவிடம் நீட்டுவது? நீட்டவில்லை.

பாண்டுரங்கன் வந்தார். அக்குளில் கட்டு. கயிறுகூட அறுக்கவில்லை.

"மொத்தமா எடுத்தாந்துட்டேன் அண்ணி. எட்டு மாசமா ஓசியிலயே பொரட்டினாரு மனுசன். கேட்டா, 'என் கதை வரட்டும், கட்டோட வாங்கிக்கிறேன்'னுவாரு."

அழுதுகொண்டிருந்த யாரோ சிரித்துவிட்டார்கள்.

"நீ பாரு ரத்னா," என்றாள் அம்மா.

ரத்னா கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அவளுக்குத் தெரியும். ஆனாலும் புரட்டினாள். பின்னட்டையின் அடியில் இதழின் இணைய முகவரி பொடி எழுத்தில் இருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள்.

"இன்னாடி, கதை வந்துகீதா?"

"இல்லம்மா."

"வுடு அண்ணி," என்றார் பாண்டுரங்கன். "காரியத்துக்குள்ள இன்னும் ரெண்டு வியாழக்கிழமை கீது. வந்துடும். படத்துக்கு முன்னால வெச்சுப் படைச்சிடலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "ஆமா. வாராவாரம் நானே வந்து பாத்துக்கிறேன்."

ரத்னா புத்தகத்தை மூடினாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"வராதும்மா. அஞ்சு மாசம் முன்னாடியே நெட்ல போட்டுட்டாங்க. ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டேன். நெட்டுக்கு மட்டும்தானாம், புக்ல எப்பவுமே போட மாட்டாங்களாம். அப்பாகிட்ட நான் சொல்லல."