கொட்டாஞ்சேனையில் ஒரு கண்காணிப்பு

எங்கள் அலுவலகத்தில் ஓயாமல் அடிபடும் சொல் ‘குடும்பத்தில் ஒருவர்’. வெளிநாட்டு நிதியில் நடக்கும் இளைஞர் பரிமாற்றத் திட்டங்களை நாட்டின் சார்பில் கண்காணிக்கும் பிரிவு அது. வெளிநாட்டுப் பிள்ளை இங்கே வந்து ஒரு வீட்டில் சில மாதம் தங்கும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை அங்கே போய்த் தங்கும். வந்த பிள்ளை குடும்பத்தில் ஒருவராக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. இல்லை என்று நான் எழுதினால் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள். திரும்பு பயணமும் அந்தப் புது வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும். இதில் இரக்கம், தயவு என்று எவரும் என்னிடம் வரமுடியாது. வந்தவர்களை நான் எரிந்து விழுந்து அனுப்பியிருக்கிறேன்.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. ஏனென்றால் நானே ஒரு பரிமாற்றப் பிள்ளை. தொண்ணூற்றைந்தில், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நாங்கள் இருந்தோம். மரைன் டிரைவ் என்ற கடற்கரைத் தெரு அப்போது இல்லை. தண்டவாளம், அதற்கு அங்கால் கல், அதற்கு அங்கால் கடல். மழைக்காலத்தில் அலையடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்தித்தான் வீட்டுக்குள் கதைப்போம். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் போய்வந்த நான், ஒரு நாள் டென்மார்க்குக்குப் போகிறேன் என்றதும் ஒழுங்கையே வாயைப் பிளந்தது. அம்மா மட்டும் என் பெட்டிக்குள் மிளகாய்த்தூளை ஒளித்துவைத்தார்.

டென்மார்க்கில் முதல் இரண்டு நாளும் பட்டினி கிடந்தேன். சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு தரம் கேட்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. சரி என்று சட்டியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்! மூன்றாம் நாள் அந்த வீட்டு மகள் கிர்ஸ்டன் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், என் சாப்பாட்டுக் கோப்பையை நானே கழுவச் சொன்னாள். அன்று அழுதேன், என்னை வேலைக்காரியாக்கிவிட்டார்கள் என்று. ஒரு மாதம் கழிய, அந்தக் கோப்பையை வேறு யாராவது கழுவினால் எனக்குக் கோபம் வந்தது. அந்த வீட்டு மஞ்சள் விளக்கையும், ஈரக் கம்பளிக் காலுறை வெப்பக்குழாயில் காயும் மணத்தையும் நினைத்தால் இன்றைக்கும் கையிலிருக்கும் வேலை ஓடாது. பழங்கதை பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். அப்படி ஒரு வருஷம் அவர்களுக்கு இருக்கவில்லை, பாவம்.

கொட்டாஞ்சேனை வீட்டைப் பற்றிய முறைப்பாடு ஓகஸ்ட் கடைசியில் வந்தது. பின்லாந்திலிருந்து வந்த ஐனோ என்ற பத்தொன்பது வயதுப் பெண், வந்து இரண்டு மாதமாகியும் தான் தனியாகத்தான் சாப்பிடுவதாக எழுதியிருந்தாள். ‘நல்ல மனிதர்கள். ஆனால் என்னோடு ஒரு நாளும் சாப்பிடமாட்டார்கள். நான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.’

எங்கள் டிரெக்டர் அதை வாசித்துவிட்டு, “றேணுகா, வீட்டை மாத்திவிடுவம். இன்னொரு குடும்பம் ரெடியா இருக்கு” என்றார்.

“பாக்காமல் மாத்தேலாது சேர். நான் சனிக்கிழமை போய்ப் பாத்திட்டு அண்டைக்கு இரவே எழுதித்தாறன்” என்றேன்.

உண்மையில் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். விருந்தாளியை முதலில் இருத்திச் சாப்பிட வைத்துவிட்டு, வீட்டுக்காரர் சுற்றி நின்று பரிமாறி, பிறகு தாங்கள் சாப்பிடுகிற எங்கள் பழக்கம் எனக்குத் தெரியாததா? அந்தப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. போய் இரண்டு பக்கத்துக்கும் விளங்கப்படுத்தினால் முடிந்தது. மனதுக்குள் அறிக்கையை எழுதிக்கொண்டே சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

பீற்றர் குடும்பத்தின் வீடு, தேவாலயத்துக்குப் பின்னால் போகும் ஒடுக்கமான சந்தில் இருந்தது. பீற்றர் ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில் கிளார்க். மனைவி நேசம் வீட்டிலிருந்து தையல் தைப்பவர். ஒரே மகள் டில்ஷானி. பின்லாந்து போகவேண்டியவள் அவள்தான். சுவரில் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் பின்லாந்தின் வரைபடத்தை ஒட்டிவைத்திருந்தாள். தான் தங்கப்போகும் ஊரைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் வேறு. அதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் டென்மார்க் இப்படித்தான் தொங்கியது.

மேசையில் இரண்டு கோப்பை மட்டும் வைத்திருந்தார்கள். ஒன்று ஐனோவுக்கு, மற்றது எனக்கு. பொரித்த மீன், கணவாய்க் கறி, கோழி. நேசம் கரண்டியோடு நின்றார். டில்ஷானி தண்ணீரோடு நின்றாள். பீற்றர் கதவடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“இருங்கோ. எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவம்” என்றேன்.

“நீங்க சாப்பிடுங்க மிஸ். நாங்க பொறகு.”

“அந்தப் பிள்ளை உங்களோட சேர்ந்து சாப்பிட ஆசைப்படுது.”

“பரவாயில்ல மிஸ். பொறகு, பொறகு.”

ஐனோ என்னைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை. எனக்குப் பொறுமை குறைவு, அது ஊருக்கே தெரியும். எழும்பி, விறுவிறென்று குசினிக்குள் போனேன், அவர்களுடைய கோப்பைகளையும் நானே போட்டுக்கொண்டு வருவதற்கு. அடுப்பில் இருந்த சட்டி மூடிகளைத் திறந்தேன். ஒன்றில் பருப்பு. ஒன்றில் முளைக்கீரை. அம்மியோரம் ஒரு சம்பல். மீனில் ஒரு துண்டு இல்லை, கோழியில் ஒரு எலும்பு இல்லை.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இல்லாத வீடு, இருப்பதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு வைத்துவிட்டுத் தாங்கள் கீரை தின்கிறார்கள் என்று நினைத்தேன். பின்னால் வந்த டில்ஷானியிடம், “கஷ்டமெண்டால் எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே பிள்ளை” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

அவள் திகைத்துப் போய்ப் பிறகு சிரித்தாள். “ஐயோ மிஸ், அப்பிடி ஒண்ணுமில்ல. அது நேத்திக்கடன். எனக்குப் பயணம் சரிவரணும்னு அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு வச்சது. நான் போய்ச் சேரும்வரைக்கும் வீட்டில யாரும் மீன், கோழி, எந்த மச்சமும் சாப்பிடக்கூடாது.”

“டில்ஷானி!” என்று நேசம் வாசலில் நின்று அதட்டினார். “நேத்திய ஊருக்குச் சொல்லிக்கிட்டுத் திரியிறதா?”

எனக்கு எல்லாம் விளங்கியது. சேர்ந்து இருந்தால் நீங்கள் ஏன் மீன் எடுக்கவில்லை என்று ஐனோ கேட்பாள். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால் நேத்தி கெட்டுப்போகும். அதனால் இரண்டு மாதமாக அந்தப் பிள்ளைக்கு விதவிதமாக மச்சம் சமைத்துப் போட்டு, அவள் எழும்பின பிறகு குசினிக்குள் இருந்து கீரையும் சோறும் தின்றிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வழக்கம்போலக் கோபம்தான் முந்தியது.

“நேசம், கொஞ்சம் யோசியுங்கோ. மகள் போகவேணும் எண்டு நேத்தி வைச்சியள். அந்த நேத்தியாலதான் அவள் போகாமல் நிக்கப்போறாள். இந்த வீட்டில என்னை ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை எண்டு அந்தப் பிள்ளை எழுதியிருக்கு. இரவைக்கு நான் அறிக்கை குடுக்கவேணும். இல்லையெண்டு எழுதினால் டில்ஷானியின்ர இடம் வேற வீட்டுக்குப் போயிடும்.”

நேசத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “புடிக்கலியா? ஐனோவ எங்களுக்குப் புடிக்கலியா? சாமி, அவ தலைக்கு நான்தானே எண்ணெ வைக்கிறன்.”

“அப்ப அவளிட்ட உண்மையைச் சொல்லுங்கோ.”

“சொன்னா அந்தப் புள்ளயும் மீன விட்டுடும் மிஸ். நேத்தி எங்கட. அந்தப் புள்ள ஏன் பட்டினி கெடக்கணும்?”

சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி அது அவருடைய வீடு, அவருடைய பிள்ளை, அவருடைய அந்தோனியார். நேசம் வாசலால் அந்தோனியார் படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஐனோவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பெரிய மீன்துண்டாகப் பார்த்து எடுத்து, பிய்த்து, வாயில் வைத்தார்.

ஐனோவின் முகத்தை நான் என்னவென்று சொல்ல? சின்னப் பிள்ளைபோல் கதிரையை இழுத்து நேசத்தோடு ஒட்டிக்கொண்டாள். டில்ஷானியும் வந்து இருந்தாள். பீற்றர் மட்டும் மனைவியின் முகத்தை ஒருதரம் பார்த்து அனுமதி கிடைத்ததென்று தெரிந்ததும், கணவாய்ச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். மனிதர் இரண்டு மாத விரதத்தை ஒரே இருப்பில் தீர்த்துக்கட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். நேசம் சிரித்துக்கொண்டே அழுதார். உறைப்புத் தாங்காமல் அழுகிறாராக்கும் என்று நினைத்த ஐனோ, தன் தண்ணீரை அவருக்கு நீட்டினாள். “குடிங்க அம்மா” என்றாள், பிழையில்லாத கொட்டாஞ்சேனைத் தமிழில்.

நான் வெளிக்கிடும்போது நேசம் சந்து முனை வரைக்கும் கூட வந்தார். வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ், நல்லா எழுதுவீங்கதானே?”

“கண்டதைத்தான் எழுதுவன். நல்லதைத்தான் கண்டனான்.”

அவர் கையை விடவில்லை. “அப்ப அவ போயிடுவா. ஆனா நான் நேத்திய முறிச்சிட்டன் மிஸ். அந்தக் குளிருக்குள்ள, தெரியாத ஆக்களுக்குள்ள என் புள்ள தனியா நிக்கப்போறா. இனி அவளுக்காக யார் நேத்தி புடிக்கிறது?”

இந்த மாதிரிக் கதைகளுக்கு நான் மசிகிற ஆள் இல்லை. பஸ்ஸைப் பார்க்கிற சாட்டில் முகத்தைத் திருப்பியிருக்கலாம். ஆனால் நடுத்தெருவில் ஒரு தாய் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது என்ன செய்வது?

“நான் பிடிக்கிறன்” என்றேன்.

“நீங்க வேதக்காரர் இல்லையே மிஸ்.”

“செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடையில நிக்கிற சனத்தில பாதி எங்கட சைவச் சனம்தானே. அந்தோனியார் அதெல்லாம் பாக்கிறேல்லை. டில்ஷானி போய், இருந்து, சுகமாத் திரும்பி வரும்வரைக்கும் நான் மச்சம் தொடமாட்டன். சரியோ?”

நேசம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பிடித்திருந்த கையைத் தூக்கி முத்தமிட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் சந்துக்குள் போனார். கண்காணிப்பு அதிகாரி விருந்தோம்பும் குடும்பத்திடமிருந்து எதையும் வாங்கக்கூடாது என்று எங்கள் விதிக்கோவையில் இருக்கிறது. நேத்தியை வாங்குவது பற்றி அதில் ஒன்றும் இல்லை. வரும் வழியெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். அன்றிரவே அறிக்கையை அனுப்பினேன். திங்கட்கிழமை டிரெக்டர் ஒப்பமிட்டார். டில்ஷானியின் பயணம் உறுதியாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து நல்ல அறக்குளா மீன் வாங்கிவந்தார். எனக்கு அறக்குளாக் குழம்பு என்றால் உயிர், அதனால்தான் வாங்கியிருக்கிறார். சமைத்தேன். அவருக்குப் போட்டேன். எனக்குப் பருப்பை மட்டும் போட்டுக்கொண்டு இருந்தேன்.

“என்ன, மீன் எடுக்கேல்லையே?”

நேத்தியை ஊருக்குச் சொல்லக்கூடாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“டொக்டர் வேண்டாமாம்.”

சொன்ன வாய் மூடவில்லை, எனக்குக் கை நின்றுவிட்டது. அது என்னுடைய வசனம் இல்லை. டென்மார்க்கிலிருந்து நான் திரும்பிவந்த அன்று விடிய, வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் அம்மா தனக்குச் சீனி போடாமல் தேத்தண்ணி ஊற்றினார். சீனி இல்லாவிட்டால் தேத்தண்ணியைத் தொடமாட்டாதவர். என்னம்மா இது என்று கேட்டேன். டொக்டர் வேண்டாமாம் என்றார். நீ போன நாள் தொடக்கம் உவ இப்பிடித்தான் குடிக்கிறா என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். நான் கிர்ஸ்டனைப் பற்றிச் சொல்லும் அவசரத்தில் இருந்தேன்.

இரண்டு நாள் கழிய, கோயிலுக்குப் போய்வந்த கையோடு அம்மா ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் கரண்டி கரண்டியாகச் சீனியை அள்ளிப் போடுவதைக் கண்டு, டொக்டர் சொன்னதைக் கேட்கத் தெரியாதோ என்று சத்தம் போட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார். சிரித்துக்கொண்டே குடித்து முடித்து, அடியில் கரையாமல் கிடந்த சீனியையும் விரலால் வழித்து நக்கினார்.