சுருதி மாறிய சவ ஊர்வலம்

ஸ்தீனா தீவின் பேண்ட் குழுவில் முப்பது வருடம் டிரம்பெட் ஊதிய யெரோ, ஓர் ஆகஸ்ட் காலையில் தன் சவ ஊர்வலம் மீன் சந்தையைத் தாண்டும்போது பெட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "எவன்டா அது, இதைக் கல்யாணப் பாட்டு மாதிரி வாசிக்கிறது?" என்று கேட்டார். சுமந்தவர்கள் பெட்டியைப் பதமாகத் தரையில் இறக்கினார்கள். மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பாதிரியாரின் அங்கி வியர்வையில் நனைந்திருந்ததால் அவர் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டார். யெரோவின் மனைவி பெரினா, சாவுக்கு வந்தவர்களுக்காகச் செய்திருந்த ஆட்டிறைச்சிக் குழம்பில் முதல் தட்டை அவருக்கே வைத்தாள்.

இசை அப்படி ஒலித்த காரணம் அப்போது டிங்காவுக்கு மட்டும் தெரிந்தது. மருந்துக் கடையில் வேலை பார்த்த அவள், குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். கடல் ஈரத்தில் பூசணம் பிடித்த பழைய இசைத் தாள்களை ஸ்கேன் செய்து, கணினியில் சரிபார்த்து, புதிதாக அச்சிட்டுத் தரும் வேலையை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். சவ ஊர்வல இசையில் ஒவ்வொரு வரியின் தலையிலும் மூன்று இறக்கக் குறிகள் உண்டு. மூன்று சுரங்களை அரைச் சுரம் கீழே இறக்கி, அந்த இசையை அழவைப்பவை அவைதான். மென்பொருள் அவற்றைப் பூசணப் புள்ளிகள் என்று நினைத்து விட்டுவிட்டது. டிங்கா அதைப் பார்ப்பதற்குள் யெரோவின் இதயம் நின்றுபோனது. ஒத்திகைக்கு நேரமில்லாமல், குழு தாளில் இருந்ததை அப்படியே வாசித்தது.

மறுநாள் அவள் பதறிப்போய்க் கோப்பைத் திறந்து மூன்று குறிகளையும் வரியின் தலையில் வைத்தாள். மென்பொருள் உடனே, பழைய ஒலி மாறக் கூடாதென்று, அந்தச் சுரங்கள் ஒவ்வொன்றின் முன்னும் அந்தக் குறியை ரத்துசெய்யும் இன்னொரு குறியைப் போட்டது. அவள் முதல் ரத்துக் குறியை அழித்தாள். தொலைபேசி அடித்தது. பெரினா.

"டிங்கா, அங்க என்னடி பண்ற? இவர் கை ஐஸ் மாதிரி ஆயிடுச்சு! 'யாரோ என் பாட்டத் தொடுறாங்க'ன்னு வேற சொல்றாரு."

டிங்கா அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுமுனையில் யெரோ காபி கேட்பது கேட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. மடிக்கணினியைக் கைக்குழந்தை போல மருந்துக் கடைக்கும் தூக்கிக்கொண்டு போனாள். மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லித் திரையில் வந்த ஒவ்வொரு அறிவிப்பையும் படிக்காமலே மூடினாள். மின்னல் வெட்டினால் பிளக்கைப் பிடுங்கினாள். தேவாலயத்தில் மண்டியிட்டிருக்கும்போதுகூட, கோப்பைச் சேமித்தோமா என்ற நினைப்பு வந்தால் பாதியில் எழுந்து ஓடினாள். விஷயம் பெரினா வழியாகப் பரவி, ஊரிலும் ஆசை கிளம்பியது. தபால்காரம்மா இறந்தபோது அவருடைய மகள்கள் அதே தவறான தாளைத்தான் வாசிக்க வேண்டும் என்றார்கள். கிழவி ஒரு கண்ணைத் திறந்தாள், வரிசையாக நின்ற மருமகன்களைப் பார்த்தாள், திரும்ப மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

திருத்தச் சொல்லிக் கேட்டவர் யெரோதான். தீவிலேயே அவர் காதுக்கு இணையான காது கிடையாது. தேவாலய மணி கொஞ்சம் சுருதி விலகியிருக்கிறதென்று பிஷப்புக்கே எழுதியவர். பெரிய வெள்ளி ஊர்வலத்துக்கும் அதே இசைதான் என்பதால் குளிர்காலம் முடிந்ததும் மருந்துக் கடைக்கு வந்து நின்றார்.

"அதத் திருத்தும்மா."

"மாமா, திருத்தினா நீங்க…"

"தெரியும். அதுக்காக சிலுவைக்குப் பின்னாடி ஊரே குதிச்சுக்கிட்டுப் போகணுமா? இந்த அசிங்கத்தக் கேக்குறதுக்கு நான் படுத்தே கெடந்திருப்பேன்."

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த பெரினா, "படுப்பீரு, படுப்பீரு! என்னை யாரு பாத்துக்குறது, உம்ம டிரம்பெட்டா?" என்றாள். பிறகு கடையில் இருந்தவர்கள் முன்னாலேயே அழுதாள். யெரோ இருமல் மருந்துப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே டிங்கா பெரினாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அத்தை, மாமா மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. நான் ஒவ்வொரு வாத்தியமா போறேன்." கிளாரினெட்டுகளைத் திருத்தினாள், யெரோவுக்கு விரல்கள் குளிர்ந்தன. கொம்புகளைத் திருத்தினாள், உதடு நீலமானது. "இன்னும் துடிக்குதா, அத்தை?" "துடிக்குதுடி. மெதுவா போ." டூபாவைத் திருத்தியபோது மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தானில் டிங்கா விரலை வைத்திருந்தாள். பிறகு பெரினாவின் குரல் வந்தது: "இருக்காரு. முறைக்கிறாரு." மீதமிருந்தது யெரோ வாசிக்கும் இரண்டாம் டிரம்பெட் மட்டும். அதன் ரத்துக் குறிகளை டிங்கா தொடவில்லை. கோப்பைச் சேமித்து மூடினாள்.

தாளைக் கையில் வாங்கிய யெரோவுக்கு விஷயம் உடனே புரிந்தது. குழு முழுக்கச் சரியாக வாசிக்க, அவர் ஒருவர் மட்டும், தெரிந்தே, தவறாக ஊத வேண்டும். "இதுக்குச் செத்துடலாம்," என்றார். பெரினா அவருடைய கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டாள்.

பெரிய வெள்ளியன்று அவர் வரிசையில் வந்து நின்றார். முன்னால் நடந்த டிங்கா தன் கிளாரினெட்டை மறந்து பின்னால் ஒலித்த டிரம்பெட்டையே கேட்டுக்கொண்டு போனாள். மாவுமில்லுத் திருப்பத்தில், முப்பது வருடப் பழக்கத்தில், அவர் விரல் தானாகச் சரியான சுரத்துக்குப் போனது. அவர் முழங்கால் மடங்கியது. பக்கத்தில் நடந்த பெரினா மெழுகுவர்த்தியைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளைத் தாங்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த சுரத்தை முழு மூச்சோடு, கூசாமல், தவறாக ஊதினார், கால் நிமிர்ந்தது. கல்லறை வாசல்வரை அவர் அதற்குப் பிறகு சறுக்கவில்லை. கன்னத்தில் மட்டும் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியே வருடங்கள் போயின. சென்ற வசந்தத்தில் நகரத்திலிருந்து வந்த ஓர் இசை ஆசிரியர், ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கசாப்புக் கடைக்காரரிடம், "அந்த ரெண்டாவது டிரம்பெட் தப்பா வாசிக்கிறாரே," என்றார்.

"ஆமா," என்றார் கடைக்காரர், தொப்பியைக் கழற்றியபடி. "அவரு உயிரோட இருக்காரு."