க்ரிஸ்பின் சுற்றவிட்ட டிஸ்க்

பிட்காயினின் மொத்தக் கணக்கையும் இணையத்தில் இறக்குவதென்றால் பிலிப்பைன்ஸில் எங்கள் படாங்காஸ் ஊர்த் தெருவில் ஒரு மழைக்காலமே போய்விடும். அதனால் க்ரிஸ்பின் தன் கம்ப்யூட்டரில் இருந்ததை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, கரோக்கி பெட்டியைப் போல வீடு வீடாகச் சுற்றவிட்டான். என்னிடம் கடைசியாக வந்தது.

நகலெடுத்து மென்பொருளைத் திறந்தேன். என்னிடம் ஒரு காயின்கூடக் கிடையாது. திரையோ மூன்று காயின் இருப்பதாகச் சொன்னது.

போன் செய்தேன். ஈரச் செருப்போடு ஓடி வந்தான்.

"மடையா, காயினை எடுக்குற சாவி இருக்குற உன் வாலட்டையும் சேர்த்தா காப்பி பண்ணுன?" என்றேன்.

"ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டேன், பரே." ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பனை அழைக்கும் சொல் அது; எங்கள் தெருவில் நண்பர்கள் எல்லோருமே பரேதான்.

"பாஸ்வேர்டு?"

"என் வீட்டு கம்ப்யூட்டருக்கு எதுக்குப் பாஸ்வேர்டு? அதுவும் ஈஸ்டர்ல இருந்து ரிப்பேர்ல கிடக்கு." திரையைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. "காயின் இங்கதானே இருக்கு. இப்பவே வேற வாலட்டுக்கு மாத்திடுவோம்."

க்ரிஸ்பின் டிஸ்கில் ஏற்றிய நாளுக்குப் பிறகு நடந்த பரிமாற்றங்களை மட்டும் மென்பொருள் இறக்கிக்கொண்டிருந்தது. அது முடியாமல் எதையும் அனுப்ப முடியாது. பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கோடு முடியும் தறுவாயில் காயின் இருப்பு மூன்றிலிருந்து பூஜ்யமானது. யாரோ முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள்.

க்ரிஸ்பின் விரலால் திரையைத் துடைத்துப் பார்த்தான்.

"எனக்கு முன்னாடி யாருக்கெல்லாம் குடுத்த?" என்றேன்.

அவன் விரல்விட்டு எண்ணி, பாதியில் கையை மடக்கினான்.

"உன்னைத் தவிர எல்லாரும் என் பொண்ணுக்கு ஞானத்தகப்பனுங்க, பரே."