ஆளில்லாத வள்ளம்

என் புருஷனை நேவிக்காரர்கள் தங்கள் ரிப்போர்ட்டில் 'இன்ட்ரூடர்' என்று எழுதியிருந்தார்கள். ரோச் என்கிற பெயரும், சங்கு குளிக்கிற தொழிலும் அதற்குப் பிறகுதான் வந்தன. வாசித்துக் காட்டிய சுந்தர்சிங் சாரிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அத்துமீறி உள்ளே நுழைந்தவர் என்றார். எதற்குள்ளே? கடலுக்குள்ளே. மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்து அந்த மனிதர் அந்தக் கடலுக்குள்தான் குதித்துக்கொண்டிருக்கிறார். இவர்கள் வந்து கொட்டகை போட்டு ஒரு மழைகூடப் பார்க்கவில்லை.

கொட்டகை என்றால் ட்ரையல் ஆபீஸ். புதுத் துறைமுகத்திலிருந்து முத்தையாபுரம் போகிற பக்கம் தகரம் அடித்து, முள்கம்பி சுற்றி வைத்திருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் ஒரு பீரங்கி வாங்கப் போகிறார்களாம். எதிரி ஏவுகணை விட்டால், அது நம் கப்பலில் வந்து விழுவதற்கு முன்னால் இந்தப் பீரங்கி தானாகவே கண்டுபிடித்து அடித்துவிடுமாம். குறி பார்க்க ஆளே வேண்டாம், எல்லாம் ரேடார் பார்த்துக்கொள்ளும். வானத்தில் வருவதை அடிப்பதற்கு முன்னால் தண்ணீரில் மிதப்பதை அடித்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் வாங்குவார்கள். அதற்கு 'அக்செப்டன்ஸ் ட்ரையல்' என்று பெயர். வாங்கட்டும், எனக்கென்ன? எங்கள் தெருப் பிள்ளைகளும் நேவியில் இருக்கிறார்கள். அவர்கள் கப்பலில் எதுவும் விழாமல் இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

தண்டோரா போட்டார்கள். கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரும் சொன்னார். சிவப்புக் கொடி கட்டிய மிதவைகளுக்குத் தெற்கே யாரும் போகக் கூடாது என்று. எமர்ஜென்சி நேரம், போகாதே என்றால் போகாமல் இருக்கத் தெரியாதவர்களா நாங்கள்? ரோச்சும், அவருடைய அண்ணன் இஞ்ஞாசி அத்தானும், கூடப் போனவர்களும் கொடிக்கு நன்றாக வடக்கே நங்கூரம் போட்டுத்தான் சங்கு குளித்துக்கொண்டிருந்தார்கள். இது சத்தியம். மாதா முன்னால் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

இலக்காக என்ன வைத்தார்கள் தெரியுமா? ஒரு பழைய வள்ளம். எங்கள் ஆட்கள் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்ததை ஒரு காண்ட்ராக்டர் வாங்கிக்கொண்டு போய், பாய்மரத்தில் ரேடாருக்குத் தெரிய ஒரு தகரத் தட்டைக் கட்டி, சோம்பேறித்தனமாக ஒரு கல்லைப் போட்டுக் கட்டி நிறுத்தியிருந்தான். கயிறு அறுந்தது. நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு கொடியைத் தாண்டி வடக்கே, எங்கள் ஆட்கள் இருக்கிற இடத்துக்கே கொண்டுவந்தது.

ரோச் மூழ்கி எழுந்து மூச்சு வாங்கும்போது பார்த்திருக்கிறார். பாய் இல்லை, துடுப்பு இல்லை, ஆள் இல்லை. தன்போக்கில் ஒரு வள்ளம் வருகிறது.

எங்கள் கடலில் அப்படி ஒரு வள்ளத்தைப் பார்த்துவிட்டு யாரும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. வலையை அறுத்துப் போட்டாவது பக்கத்தில் போயாக வேண்டும். போனதும் ஏறிவிடக் கூடாது. "ஆளுண்டோ?" என்று கூப்பிட வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நம்முடைய குடிதண்ணீர்க் குடத்தை முதலில் அதற்குள் வைக்க வேண்டும். பிறகுதான் ஏற வேண்டும். ஏறினால் முதலில் அணியத்துப் பலகைக்குக் கீழே பார்க்க வேண்டும். வள்ளத்தின் முன்மூக்கில் இருக்கிற அந்தப் பொந்துக்குள்தான் வெயில் தாங்காமல் ஆள் ஒடுங்கிக் கிடப்பான். என் அப்பாவை மணப்பாட்டு ஆட்கள் அப்படி ஒரு பொந்துக்குள்ளிருந்துதான் இழுத்தெடுத்தார்கள். நாக்கு வீங்கிப் போய்க் கிடந்தாராம். அவர்கள் குடம் வைக்காமல் போயிருந்தால் நான் பிறந்தே இருக்க மாட்டேன்.

ரோச் கூப்பிட்டார். குடத்தை வைத்தார். ஏறினார். அணியத்துப் பலகையைப் பெயர்த்தார். அப்போதுதான் குண்டு வந்தது.

வள்ளத்தின் மேலேயே விழுந்திருந்தால் துண்டுகூடக் கிடைத்திருக்காது. பக்கத்துத் தண்ணீரில் விழுந்தது. வலதுகை மணிக்கட்டோடு போயிற்று. இரண்டு காதும் போயிற்று. இனி அவர் மூழ்க முடியாது, நான் கூப்பிட்டால் திரும்பவும் முடியாது. இஞ்ஞாசி அத்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கரை சேர்த்தார். மறுநாளே ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பொந்துக்குள் குண்டு எங்கே விழுகிறது என்று கணக்கெடுக்கிற ஒரு பெட்டி இருந்ததாம். அதைத் திருடத்தான் ரோச் பலகையைப் பெயர்த்தாராம். சர்க்கார் சொத்து. புண் ஆறியதும் பாளையங்கோட்டை ஜெயில்.

விசாரணை என்று கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் வடக்கத்தி ஆபீசர்கள் சிலர். அவர்கள் சொல்வதைத் தமிழில் எனக்குச் சொல்ல சுந்தர்சிங் சார். அவரும் பெரிய ஆபீசர்தான், சாத்தான்குளத்துக்காரர். அதனால்தான் எனக்கு அவர்மேல் கூடுதலாக எரிந்தது.

"சுடுறதுக்கு முன்னால ரேஞ்ச் கிளியர்னு உறுதி பண்ணிட்டுதான் சுட்டாங்கம்மா" என்றார்.

"அப்படின்னா?"

"அந்தப் பகுதியில யாரும் இல்லைன்னு அர்த்தம்."

"யாரும் இல்லாமலா எம் புருசன் கை போச்சி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரையில ரெண்டு புள்ளி தெரிஞ்சிருக்கு. ரெண்டாவது புள்ளிய கிளட்டர்னு எடுத்துக்கிட்டாங்க. கிளட்டர்னா, அலையில, பறவையில பட்டுத் தெரியுற தேவையில்லாத குப்பை."

"அந்தக் குப்பைக்குள்ளதாம் சார் எங்க வீட்டு ஆளுவ இருந்தாவ."

அவர் அதை அவர்களுக்குச் சொல்லவில்லை. நான் விடவில்லை. கொடிக்கு வடக்கே குண்டு எப்படி வந்தது என்று கேட்டேன். டார்கெட் ட்ரிஃப்ட் என்றார். இலக்கு நகர்ந்துவிட்டதாம், பீரங்கி இலக்கைப் பின்தொடர்ந்ததாம், அதனால் பீரங்கி சரியாகத்தான் வேலை செய்ததாம். பாருங்கள் இந்தக் கூத்தை. வள்ளம் எங்களைத் தேடி வந்தால் அதற்குப் பெயர் ட்ரிஃப்ட். நாங்கள் வள்ளத்தின் பக்கத்தில் போனால் அதற்குப் பெயர் இன்ட்ரூஷன்.

"வள்ளத்த எதுக்கு சார் வச்சிய? ஆளு போற ஒண்ண எதுக்கு வச்சிய?"

"ஒப்பந்தத்துல ஆரஞ்சு கலர் மிதவைன்னுதான் இருந்துச்சு. அது கிடைக்கல. அதுக்குச் சமமான பொருள் வைக்கலாம்னு ஒரு ஷரத்து இருக்கு. ஈக்குவலன்ட் ஐட்டம். கலர் அடிக்கிறதுக்கும் வேய்வர் குடுத்தாச்சு. அதாவது, அடிக்க வேண்டாம்னு விலக்கு."

மிதவைக்கு வள்ளம் சமமா? மிதவையில் ஏறி யாராவது பெண்டாட்டி பிள்ளை கஞ்சிக்குச் சம்பாதிக்கப் போவானா? மிதவைக்குள் யாருடைய அப்பனாவது நாக்கு வீங்கிக் கிடப்பானா? நான் குடத்தைப் பற்றிச் சொன்னேன். ஆளில்லாத வள்ளத்தைப் பற்றி, என் அப்பாவைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி திருட வந்தவன் குடிக்கிற தண்ணீரை முதலில் உள்ளே வைப்பானா என்று கேட்டேன். சுந்தர்சிங் சார் இந்தத் தடவை அதை இங்கிலீஷில் நீளமாகச் சொன்னார். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

"சம்பந்தமில்லைங்கிறாரு" என்றார் சுந்தர்சிங் சார்.

வெளியே வந்ததும் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "சார், அவரு கை போனதுக்கு நான் எதுவும் கேக்கல. ட்ரிஃப்ட்டுன்னு எழுதுங்க, கிளட்டர்னு எழுதுங்க, ஒங்க இஷ்டம். அவரு திருட வந்தாருங்கிறத மட்டும் அடிச்சிருங்க. அது உங்களுக்கு ஒரு கோடு. எங்களுக்கு ஆயுசு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அத அடிச்சா, அவரு ஏன் அங்க போனாருன்னு கேள்வி வரும்மா. வள்ளம் ஏன் அங்க வந்துச்சுன்னு வரும். வள்ளத்த ஏன் வச்சீங்கன்னு வரும். ட்ரையலே நின்னுபோயிரும். வர்ற வியாழக்கிழமை மறுபடி சுடப்போறாங்க. அது நல்லபடியா முடியட்டும், பாப்போம்."

"மறுபடியும் வள்ளந்தானா?"

அவர் கொட்டகைக்குள் போய்விட்டார்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரோச்சுக்கு எதுவும் காதில் விழாது என்பதால் தன் மேல் கேஸ் இருப்பதே தெரியாது. அந்தப் போலீஸ்காரரைச் சர்க்கார் தனக்கு ஒத்தாசைக்கு விட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தன் பழத்தில் பாதி கொடுத்தார், பாவி மனுஷன். என்னைப் பார்த்ததும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் அப்படித்தான் கத்துவார்.

"ஏளா, அந்த அணியத்துக்குள்ள கெடந்தவன எடுத்துட்டாவளா? பொழச்சிக்கிட்டானா?"

தினமும் இதையேதான் கேட்டார். உள்ளே யாரும் இல்லை என்று கையை விரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. ஒரு தகரத் தட்டுக்கும் ஒரு பெட்டிக்குமா கையைக் கொடுத்தாய் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன்? தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் கோபமே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் காண்ட்ராக்டரின் ஆட்கள் இன்னொரு பழைய வள்ளத்தை இழுத்துக்கொண்டு போவதைக் கரையில் நின்று பார்த்தேன். நேரே இஞ்ஞாசி அத்தான் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தான், நாளைக்கு ஒரு ஆளில்லாத வள்ளம் கடல்ல நிக்கப் போவுது. நீங்க போவணுமா, வேண்டாமா?"

"ஏளா கிளாடிஸ், அது வெறும் வள்ளம்னு நமக்குத் தெரியுமேளா."

"தெரிஞ்சா போவக் கூடாதுன்னு யாரு சொன்னது? தெரியாமப் போனவருக்குத் திருடன்னு பேரு வச்சாச்சி. தெரிஞ்சே போவோம், என்ன பேரு வைக்கான்னு பாப்போம்."

அவர் கையைக் கழுவினார். உள்ளே தூக்கிப் போட்டால் கேட்க நாதியில்லாத காலம், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகக் கூப்பிடப் போனார்.

காலையில் கரையில் இருந்த வள்ளம் அத்தனையும் இறங்கியது. எல்லாவற்றிலும் ஒரு தண்ணீர்க் குடம். நானும் இடுப்பில் குடத்தோடு போய் நின்றேன். பொம்பளை வள்ளத்தில் ஏறக் கூடாது என்று ஒருவர் ஆரம்பித்தார். இஞ்ஞாசி அத்தான் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

சிவப்புக் கொடிகளைத் தாண்டினோம். அங்கே பாய்மரத்தில் தகரம் மின்ன அந்தக் கிழட்டு வள்ளம் ஆடிக்கொண்டு நின்றது. சுற்றிலும் எங்கள் வள்ளங்களை நிறுத்தினோம். கரைப் பக்கமிருந்து ஒரு லாஞ்சு சீறிக்கொண்டு வந்தது. அதில் சுந்தர்சிங் சார், ஒரு கையில் ஒலிபெருக்கி, இன்னொரு கையில் வயர்லெஸ்.

"எல்லாரும் உடனே வெளியே போங்க! இது டேஞ்சர் ஏரியா! அந்த வள்ளத்துல ஆளே கிடையாது!"

"இத அன்னைக்கு ரோச்சுக்குச் சொல்லிருக்கலாம்லா!" என்று இஞ்ஞாசி அத்தான் கத்தினார்.

நான் எங்கள் வள்ளத்திலிருந்து எட்டி, குடத்தை அந்த வள்ளத்துக்குள் வைத்தேன். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் ஏறினேன். அணியத்துப் பலகையை இரண்டு கையாலும் பெயர்த்தேன். உள்ளே ஒரு பெட்டி இருந்தது. அதைத் தொடாமல், பக்கத்தில் குறுகி உட்கார்ந்தேன். என் அப்பா கிடந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

"ஏம்மா! கிளாடிஸம்மா! இறங்குங்க! அது டார்கெட்டும்மா!" சுந்தர்சிங் சாரின் குரல் உடைந்தது.

நான் தலையை மட்டும் வெளியே நீட்டினேன். "எம் புருசன் செஞ்சதத்தாம் சார் நாங்க இப்பம் செய்யுதோம். திருட்டுன்னா எங்க எல்லாருக்கும் வெலங்கு கொண்டாங்க. இல்லன்னா அந்தச் சொல்ல அடிச்சிட்டு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

அவருடைய கையிலிருந்த வயர்லெஸ்ஸில் யாரோ ரேஞ்ச் கிளியரா, ரேஞ்ச் கிளியரா என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே இருந்தான். அவர் அதை வாய்க்குக் கொண்டுபோவார், கீழே இறக்குவார். ஆம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்போது இஞ்ஞாசி அத்தான் எழுந்து நின்று, ஆளில்லாத வள்ளத்தைக் கண்டால் கூப்பிடுகிற மாதிரியே, வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"ஆளுண்டோ?"

சுற்றி நின்ற வள்ளங்களிலிருந்து எல்லோரும் கூப்பிட்டார்கள். "ஆளுண்டோ?"

ஆஸ்பத்திரியில் காது கேட்காமல் கிடக்கிற மனிதருக்கும் கேட்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஆளுண்டு!"