பூவாயிக்குப் போடாத இலை

1912ஆம் ஆண்டிலிருந்து இலங்கையின் யட்டியாந்தோட்டையைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களில் கல்யாணம் என்றால் செத்தவர்களுக்கும் இலை போட வேண்டியிருந்தது. தோட்டங்களுக்கெல்லாம் வம்சம் வாசிப்பவரான தங்கையா ஏட்டைப் பிரித்து இரு வீட்டாரின் வம்சத்தையும் வாசிப்பார். யார் பெயர் வாசிக்கப்பட்டதோ, அவர் வந்து பந்தியில் உட்காருவார், சாம்பாரில் உப்பில்லை என்று குறையும் சொல்லுவார். எத்தனை தலைமுறை என்று கேட்டுக்கொண்டுதான் சமையற்காரர்கள் உலை வைத்தார்கள்.

தோட்டத்து ஆட்களை நடத்தும் பெரிய கங்காணி நாகலிங்கம் தன் மகனுக்குத் தங்கையாவின் மகள் இராஜத்தைப் பெண் கேட்டபோது, தங்கையாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயமே அதிகம். இராஜத்தைப் பெற்றவள் பூவாயி, கங்காணி வீட்டார் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத சாதிக்காரி. கலவானப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவள் காய்ச்சலில் செத்த பிறகு, தங்கையா கைக்குழந்தையோடு இங்கே வந்து மீனாம்பாளைக் கட்டிக்கொண்டார். இராஜம் மீனாம்பாள் வயிற்றுப் பிள்ளை என்றே எல்லாரும் நம்பினார்கள். பூவாயியின் பெயரை வாசித்தால் அவள் வந்து உட்காருவாள். உட்கார்ந்தால் கல்யாணம் நின்றுவிடும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். தங்கையா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: பெண்ணின் தாய் மீனாம்பாள் என்று வாசித்தார்.

தாயின் பெயர் விடுபட்டதும் மகளும் மணவறையில் இருந்தபடியே கண்ணுக்குத் தெரியாமல் போனாள். சேலையும் மாலையும் மட்டும் உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளை கழுத்தைத் தடவிக் கண்டுபிடித்துத் தாலி கட்டினான். நாகலிங்கம் தங்கையாவின் பக்கம் திரும்பினார்.

"வம்சத்துல குத்தம் இல்லதானே? அப்புறம் என்ன, பந்தியப் போடுங்க."

எல்லாரும் பந்திக்கு எழுந்தார்கள். தங்கையாவும் ஏட்டை மூடிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார். அதற்காக அவர் தன்னை ஒருநாளும் மன்னித்ததில்லை.

ஆறு வருஷத்தில் இராஜத்துக்கு மூன்று பிள்ளைகள். விடிந்தால் ஒரு சேலை ரப்பர் மரங்களுக்கிடையே நடந்துபோய்ப் பால் வெட்டும். கணக்கப்பிள்ளை சேலையைப் பார்த்தே அன்றைய வேலைக் கணக்கில் பேர் போட்டுக்கொள்வார். 1930இல் மனசு தாங்காமல் தங்கையா ஏட்டோடு மகள் வீட்டுக்குப் போனார். விட்ட பெயரை இப்போதே வாசித்துவிடுவதாகவும், முகம் திரும்பிவிடும் என்றும் சொன்னார். அடுப்படியில் சேலை அசையாமல் நின்றது.

"வாசிக்காதீங்கப்பா. மொகம் வந்தா பெத்தவ யாருன்னு தெரிஞ்சிரும், என்னைய வீட்ட விட்டுத் தொரத்திருவாங்க. புள்ளைங்களுக்குக் கொரலு பழகிருச்சு."

அவர் ஏட்டைக் கட்டிவைத்துவிட்டு, மகள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். வெளியே வந்தபோது, கொடியில் காயப்போட்டிருந்த சேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசிப் பேத்தி அம்மா, அம்மா என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். தங்கையா அவள் தலையைத் தடவிவிட்டு, அடுத்த தோட்டத்துக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போனார்.