இமைச்சூடு

எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து என்று சொல்ல இரண்டுதான் உண்டு. ஒன்று, மண்கல்லால் கட்டிய குஞ்சு பொரிக்கும் அடுப்பு. இன்னொன்று, இடது கண்ணின் மேலிமை. அடுப்பைக் கட்டியது என் பாட்டனாரின் தகப்பனார் உக்காஷா. இமையை யார் கட்டினார்களோ தெரியாது. ஆனால் நாலு தலைமுறையாக எல்லார் முகத்திலும் அதே இமைதான் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் தூங்கி வழிந்து தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைத் தினமும் தட்டி எழுப்புவார். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

எகிப்தில் தந்தா நகரத்தைச் சுற்றி எங்கள் வட்டாரத்தில் மூன்று முட்டை கொடுத்தால் இரண்டு குஞ்சு என்பதுதான் வழக்கம். பெண்கள் உமி பரப்பிய கூடைகளில் முட்டை கொண்டுவருவார்கள். இருபத்தோராம் நாள் அதே கூடையில் குஞ்சுகளை வாங்கிப்போவார்கள். நடுவில் எது கெட்டாலும் அது எங்கள் தலையில் விடியும். அடுப்புக்குள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் கீழ்த்தட்டில் முட்டை, மேல்தட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. பன்னிரண்டு நாள் வரை விளக்கு எரியவேண்டும். அதன்பிறகு முட்டைக்குள் இருப்பவர்கள் தங்கள் சூட்டைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அதுவரை சூடு பார்க்க எங்களிடம் இருக்கும் ஒரே கருவி இமை. ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்மேல் வைக்கவேண்டும். இதமாக இருந்தால் சரி. சுரீர் என்றால் திரியைக் குறை. சில்லென்றால் திரியை ஏற்று. நாலு தலைமுறையின் மொத்த ஞானமும் இவ்வளவுதான்.

இந்த ஞானத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு சட்டமும் வந்தது. அடுப்பில் முட்டை இருக்கும்போது அழக்கூடாது.

சட்டத்துக்குக் காரணம் என் பாட்டனார் ஷல்பியும் அவருடைய கழுதையும். முட்டை வைத்த ஏழாம் நாள் கழுதை செத்துப்போனது. பாட்டனார் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். அழுத இமை கொதிக்கும். கொதிக்கும் இமைக்கு எந்த முட்டையும் சில்லென்றுதான் இருக்கும். அவர் திரியை ஏற்றினார், இன்னும் ஏற்றினார், ஐயாயிரம் முட்டையும் அவிந்துபோயின. ஊருக்குச் சேரவேண்டிய குஞ்சுகளைக் கொடுத்து முடிக்க இரண்டு வருஷம் ஆனதாம். இன்றைக்கும் சந்தையில் யாராவது எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "கழுதைக்கு அழுத வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

அதனால் என் தாயார் இறந்தபோது என் தகப்பனார் வானத்தைப் பார்த்துக்கொண்டே பதினான்கு நாள் கழித்தார். குஞ்சுகளை ஊருக்குக் கொடுத்து முடித்தார். அடுப்பைக் கூட்டினார். பிறகு உள்ளே தவழ்ந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுப்புச் சுவர் நல்ல கனம். வெளியே நின்ற எனக்கும் தம்பிக்கும் எங்கேயோ தூரத்தில் ஒரு எருமை கத்துவதுபோலத்தான் கேட்டது.

இப்போது என் முறை. என் மனைவி ஃபாய்க்கா, முட்டை வைத்த மூன்றாம் நாள் காலையில், மொட்டைமாடியில் தன் கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே மவுத்தாகிவிட்டாள். தவிட்டுக் கிண்ணம் கையிலேயே இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலாயிரம் பேரை உலகத்துக்குக் கொண்டுவருகிறவனுக்கு ஒன்றுகூட நிற்கவில்லை என்று ஊர் சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அப்படிச் சிரித்தே முப்பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டாள்.

அடக்கம் முடிந்து மூன்று நாள் துக்கம் விசாரிக்கப் பந்தல் போட்டிருந்தது. நான் வரிசையில் நின்று கை கொடுப்பேன், சர்க்கரை போடாத காப்பி குடிப்பேன், நடுவில் அடுப்புக்கு ஓடுவேன். நாலாயிரத்து இருநூறு முட்டை. திருப்பவேண்டும், இமையில் வைத்துப் பார்க்கவேண்டும். அழவில்லை. மூன்றாம் நாள் ஃபாய்க்காவின் தங்கை தவ்லத், பெண்கள் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "எங்கக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. அவங்க பாட்டனாரு கழுதைக்காவது அழுதாரு."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. எனக்கே அப்படித்தான் பட்டது.

பந்தலில் கடைசி வரிசையில் என் தம்பி ஸக்லூல் உட்கார்ந்திருந்தான். எங்களுக்குள் பேச்சு நின்று ஏழு வருஷம். தகப்பனார் போன பிறகு அவன் மெஷின் வாங்கவேண்டும் என்றான். மெஷினுக்கு இமை உண்டா என்று நான் கேட்டேன். அதில் தொடங்கி, யாருக்கு மூளை உண்டு என்பதுவரை போய்விட்டது. அவன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நாற்பதாயிரம் முட்டை கொள்ளும் மெஷின்களை நிறுத்தி, குடும்பப் பெயரையே பலகையில் எழுதி மாட்டினான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் அலமாரியில் ஒரு நீலக் கிண்ணம் குறையும். சனிக்கிழமை கழுவித் திரும்பி வந்திருக்கும். ஃபாய்க்கா முலுகியாக் கீரைக் குழம்பு அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி. அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. தாயில்லாப் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டது அவள்தான். பந்தலில் அவன் எனக்கு ஊரார் மாதிரி கை கொடுத்துவிட்டுப் போனான்.

முட்டை வைத்த ஒன்பதாம் நாள் மதியம் நான்காவது அறையில் முட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எந்த முட்டை எந்த வீட்டுடையது என்று தெரிய ஃபாய்க்கா ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு மையிடும் சுர்மாக் குச்சியால் அடையாளம் போடுவாள். தையல்காரன் வீட்டுக்குக் கத்தரிக்கோல். பாங்கு சொல்கிறவர் வீட்டுக்குப் பிறை. தன் கோழிகளின் முட்டைக்கு, மூடிய கண் ஒன்று, மூன்று முடியோடு. "இது நீங்கதான், தூங்குமூஞ்சி" என்பாள். அந்த ஈட்டில் அவளுடையது நாற்பத்திரண்டு. நான் திருப்பிய முட்டையின் அடிப்பக்கத்திலிருந்து அந்தக் கண் மேலே வந்தது. ஒரு முடி மட்டும் அவசரத்தில் நீண்டு வழிந்திருந்தது. யாரோ அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அவளைக் கூப்பிட்டிருப்பார்கள். ஒருவேளை நான்தான்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. நிறுத்தியதும் பழக்கத்தில் முட்டையை இமையில் வைத்தேன். சில்லென்றிருந்தது. அடுத்தது, சில்லென்று. பக்கத்து அறையிலும் அப்படியே. கை தானாகத் திரிக்குப் போய்விட்டது. அப்போதுதான் பாட்டனாரின் கழுதை ஞாபகம் வந்தது.

என் இமை கெட்டுவிட்டது. சூடு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, எதுவும் தெரியாது. தப்பாகத் திரியைத் தொட்டால் ஊரின் நாலாயிரம் முட்டையோடு அவள் கைபட்ட நாற்பத்திரண்டும் அவிந்துபோகும். தொடாமல் விட்டாலும் அதேதான் நடக்கலாம். இந்த ஊரில் இந்த இமை இன்னும் ஒரே ஒரு முகத்தில்தான் இருந்தது.

தெருவைக் கடந்தேன். ஸக்லூல் மெஷின்களுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டோடு, டாக்டர்போல நின்றான்.

"அழுதுட்டேன்" என்றேன்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"மூஞ்சியப் பாத்தா கொஞ்சம் மாதிரி தெரியலியே, அண்ணே."

கோட்டைக் கழற்றிவிட்டுக் கூடவே வந்தான். அடுப்பு வாசலில் தொப்பை மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து தள்ளி உள்ளே அனுப்பினேன். ஒரு முட்டையை எடுத்து, ஏழு வருஷ இடைவெளியே இல்லாததுபோல, மூடிய இடது கண்ணில் வைத்தான்.

"சில்லுன்னு இருக்கு, அண்ணே."

திரியை ஏற்றப்போனேன். விளக்கின் பக்கம் அவன் முகம் திரும்பியது. அவனுடைய இமையும் எண்ணெயில் போட்ட மாவுமாதிரி உப்பிச் சிவந்திருந்தது.

"நீ எப்படா அழுத?"

"இன்னிக்குக் காலையில. நேத்து. முந்தாநாளு." முட்டையைப் பத்திரமாக இடத்தில் வைத்தான். "மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே அழலாம்."

எனக்கு அவன் மெஷின்கள்மேல் முதன்முதலாகப் பொறாமை வந்தது.

இரண்டு கெட்ட இமைகளோடு கொஞ்ச நேரம் குந்தியிருந்தோம். பிறகு அவன் சட்டைப்பையைத் தொட்டான். அதில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. நான் உயிரோடு இருக்கும்வரை அது இந்த வாசலைத் தாண்டாது என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் ஊர் கேட்கச் சத்தியம் செய்தவன் நான்.

"கண்ண மூடிக்க" என்றான். "நீ பாக்கலைன்னா அது உள்ள வரலைன்னு வெச்சுக்கலாம்."

மூடிக்கொண்டேன். அவன் அறை அறையாகத் தவழ்ந்துபோய்ப் படித்தான். முதல் அறை முப்பத்தெட்டு. இரண்டாவது முப்பத்தெட்டு. நான்காவது அறையில் சத்தம் நின்றது. "முப்பத்தொன்பதே கால்" என்றான். சூடு கூடியிருந்தது. நான் திரியை ஏற்றியிருந்தால் கழுதைக்கு ஒரு ஜோடி சேர்ந்திருக்கும். அவன் திரியை இறக்கினான்.

"இனி நான் பாத்துக்கறேன். நீ அழு, அண்ணே. மதினிக்கு நீ இன்னும் அழுது முடிக்கல."

அழுதேன். அவனும் எண்களைச் சொல்லிக்கொண்டே அழுதான். பன்னிரண்டாம் நாள் விளக்குகளை அணைத்த பிறகு அவன் தெர்மாமீட்டரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். அவனுடைய நாற்பதாயிரம் அவனுக்காகக் காத்திருந்தன. போகும்போது ஒன்று சொன்னான்: நீலக் கிண்ணம் அவன் வீட்டில் இருக்கிறதாம். அவள் இறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அனுப்பியதாம். இன்னும் கழுவவில்லையாம். "இருக்கட்டும்" என்றேன்.

இருபத்தோராம் நாள் பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். கத்தரிக்கோல் போனது, பிறை போனது. தவ்லத்கூட வந்தாள், என் கண்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் குஞ்சுகளை வாங்கிக்கொண்டாள். மூடிய கண்ணுக்கு முப்பத்தி மூன்று பொரிந்திருந்தன. வழக்கப்படி இருபத்தெட்டை எண்ணிக் கூடையில் வைத்துச் சாயங்காலம்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவற்றைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு தொழிலுக்கு முறை என்று ஒன்று இருக்கிறது.

பிறகு முப்பத்தி மூன்றையும் ஒரே கூடையில் போட்டு மாடிக்குத் தூக்கிப்போனேன். அவள் போனதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரிதான் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். ஃபாய்க்கா நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் செய்வாள். மூலைக்கு மூலையிலிருந்து ஓடிவரும். நானும் தட்டிப் பார்த்தேன். நாலு தலைமுறையாகக் கோழி இனத்துக்கு உழைத்த குடும்பத்தின் மூத்த வாரிசை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புக் கோழி மட்டும் தலையைச் சாய்த்து, நான் நின்ற இடத்துக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை.

தவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இன்னொருமுறை நாக்கைத் தட்டினேன்.