பச்சையில் இருக்கும் மனு

அந்த அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே ஆபீஸ்காரர்கள் என் கடையில் வந்து நிற்பார்கள். என் பெயர் ரசியா. கிள்ளையில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்களின் மனுக்களைக் கணினியில் ஏற்றுவதும், அவை திரும்பி வந்தால் அவர்களிடம் திட்டு வாங்குவதும் என் பிழைப்பு.

முன்பெல்லாம், சான்றிதழ்கள் தரும் அந்த அலுவலகத்தில் மனுக்கள் மாதக்கணக்கில் தூங்கும். பிறகு புதிய திட்டம் வந்தது. ஒவ்வொரு மனுவுக்கும் பதினைந்து நாள் கெடு. கெடுவுக்குள் இருந்தால் திரையில் பச்சை, தாண்டினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மேலிடத்திலிருந்து போன் வரும். நல்ல யோசனைதான் என்று நானும் நம்பித் தொலைத்தேன். ஆனால் சீக்கிரமே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கெடு முடியப்போகிற சமயத்தில் 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று தட்டி மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். தள்ளுபடி செய்தாலும் கணக்கில் அது 'முடிக்கப்பட்டது'தான். நாம் மறுபடி மனுப் போட வேண்டும். அதற்குப் புதிதாகப் பதினைந்து நாள்.

எங்கள் தெரு சத்யப்பிரியாவின் புருஷன் போன வருஷம் சேத்தியாத்தோப்பு பக்கம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். கைக்குழந்தையோடு நிற்கிறாள். ஊரில் அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆதரவற்ற விதவை என்ற சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை உண்டு. நான்தான் அதற்கு மனுப் போட்டுக் கொடுத்தேன். கெடுவுக்கு முதல் நாள் தள்ளுபடி. இறப்புச் சான்று தெளிவாக இல்லையாம். நான் என் கையால் ஸ்கேன் செய்தது, ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏற்றினேன்.

இரண்டு நாள் கழித்து, அவள் என் கடையில் இருக்கும்போது ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பதிவு செய்த குரல். உங்கள் மனு குறித்த காலத்தில் முடிக்கப்பட்டது, திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லை என்றால் இரண்டை அழுத்தவும். நான் இரண்டு விரலைக் காட்டினேன். அவள் ஒன்றை அழுத்தினாள்.

"ஏண்டி, என்ன காரியம் பண்ண?"

"ரெண்டாவது மனு அவுங்ககிட்டதானக்கா கெடக்கு. திருப்தி இல்லன்னு அழுத்தி, கோவிச்சிக்கிட்டு அதயும் தள்ளிட்டா நான் எங்க போவேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கடைக்கு வந்தவர்களை விசாரித்துப் பார்த்தேன். மனு தள்ளுபடியானவர்கள் எல்லோருமே ஒன்றைத்தான் அழுத்தியிருந்தார்கள். ஆபீசைப் பகைத்துக்கொண்டு யாரால் பிழைக்க முடியும்?

இவர்கள் பயந்து அழுத்தியதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, மாவட்டத்திலேயே சிறந்த அலுவலகம் என்று அதற்குப் பரிசு அறிவித்தார்கள். விழா கடலூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். அங்கன்வாடி வேலைக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள். அதற்கு முதல் நாள் அந்த அலுவலகத்தின் உதவியாளர் மணவாளன் என் கடைக்கு வந்தார்.

"திருப்தின்னு சொன்ன ஒருத்தர மேடையில பேச வைக்கணுமாம்மா. சத்யப்பிரியாவ அனுப்பி வைங்க."

"அவ மனுவத்தான் தள்ளிட்டீங்களே சார்."

"அது பழசு. புதுசு ஐயா கையெழுத்துக்குதான் நிக்குது. வந்து ரெண்டு வார்த்த பேசட்டும். ஐயா சந்தோஷமா இருக்கறப்போ சொல்லி, மதியமே போட வச்சிடுறேன்."

வேறு வழி தெரியவில்லை. குழந்தையை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, சிதம்பரம் போய்க் கடலூர் பஸ் பிடித்தோம். முதுநகர் தாண்டும்வரை என்ன பேசுவது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மேடையில், "ஐயாவுக்கும் ஆபீசுல எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சீக்கிரமா முடிச்சிக் குடுத்தாங்க" என்றாள். கை தட்டினார்கள். எதை முடித்துக் கொடுத்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதிகாரி கேடயம் வாங்கினார். போட்டோ எடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். மணி மூன்றாகிவிட்டது. மணவாளன் போனை எடுக்கவில்லை.

அதிகாரி காரில் ஏறப்போகும் நேரத்தில் நானே அவளை இழுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"சார், இந்தப் பொண்ணு மனுவுல உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அஞ்சு மணிக்குள்ள கெடச்சாதான் வேலைக்கு எழுதிப் போட முடியும்."

அவர் எரிந்து விழவில்லை. மனு எண்ணைக் கேட்டு வாங்கி, போனில் தட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"எதுக்கும்மா பயப்படுறீங்க? பச்சையிலதான இருக்கு. இன்னும் ஆறு நாள் இருக்கு."

"இல்லைங்கய்யா, வேலைக்கு இன்னிக்கிதான் கடைசி…" சத்யப்பிரியா கும்பிட்டாள்.

"நம்ம ஆபீசுல எதுவும் லேட் ஆவாதும்மா. இப்ப நீங்களே மேடையில சொன்னீங்களே."

கார் போய்விட்டது. அவள் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றாள். நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.